ஈஸ்டர் முட்டையில வெள்ளத் திட்டு போன கதை

ஈஸ்டருக்கு வெள்ள முட்டைய அவிச்சு, சிவப்பு கோவா, அதான் முட்டைக்கோஸ், வேகவச்ச தண்ணியில கலர் போட்டா (நீலமாத்தான் புடிக்கும், பயப்படாதீங்க) எல்லாத்துலயும் வெள்ளத் திட்டு. கோவாவ கூட்டுனேன், வினாகிரிய கூட்டுனேன், ராவு முழுக்க ஊறவும் வச்சேன், ம்ஹூம். அப்புறம் உத்துப் பாத்தா ஒவ்வொரு திட்டும் வெரல் நுனி அளவு! தலைக்கு தேங்காயெண்ண வச்ச கையோடதான் பிள்ளைங்க முட்டைய எடுத்திருக்குதுங்க, அந்த எண்ண 24 டிகிரிக்கு கீழ போனா உறைஞ்சிரும்ல, நுவரெலியா குளிருக்கு ஓட்டுல மெழுகு மாதிரி ஒட்டிக்கிட்டு பச்சத்தண்ணியில கழுவுனா போறதேயில்ல. வெதுவெதுப்பான தண்ணியில சோப்பு போட்டுக் கழுவி, துணியில வினாகிரி தொட்டு தொடச்சு, கைபடாம கரண்டியால எடுத்துப் போட்டேன், நீலம் ஒரே சீரா புடிச்சிருச்சு. இப்ப பிள்ளைங்க வேணும்னே எண்ணைய தொட்டு சிலுவை வரையுதுங்க.