ஒரே அட்சரேகையில் இருக்கும் அமெரிக்க நகரங்கள்: ஒப்பிடும்போது செய்யக் கூடாத தவறுகள்

ஜூலை மாதம், பிற்பகல் மூன்று மணி. சான் பிரான்சிஸ்கோவில் ஃபிஷர்மன்ஸ் வார்ஃப் பக்கம் போனால், அரைக்கால் சட்டையோடு வந்திறங்கிய சுற்றுலாப் பயணிகள் கையைக் கட்டிக்கொண்டு நடுங்குவதையும், கடையில் அவசரமாக ஸ்வெட்டர் வாங்குவதையும் பார்க்கலாம். அங்கே ஜூலையின் சராசரி உச்ச வெப்பமே 20 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. அதே நேரத்தில் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவில் 34 டிகிரி கொளுத்தும். வர்ஜீனியாவின் ரிச்மண்டில் 32 டிகிரிதான், ஆனால் புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வரைபடத்தில் பார்த்தால் மூன்று ஊரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன: 37.8, 37.7, 37.5 பாகை.

"ஒரே கோட்டில் இருக்கிறது, அப்போ வெயிலும் ஒன்றுதான்" என்று நினைப்பதுதான் எல்லாரும் முதலில் செய்யும் தவறு. அட்சரேகை சொல்வது சூரியனைப் பற்றி மட்டும். நண்பகலில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கும், பகல் எத்தனை மணி நேரம் நீளும், இரவில் துருவ நட்சத்திரம் எந்த உயரத்தில் தெரியும் என்ற மூன்றும் இந்த மூன்று ஊருக்கும் ஏறக்குறைய ஒன்றே. கூரையில் சூரியத் தகடு எந்தச் சாய்வில் வைக்கலாம் என்று கணக்குப் போட அது போதும். எந்தச் சட்டையை எடுத்து வைப்பது என்று முடிவு செய்யப் போதாது.

சான் பிரான்சிஸ்கோவை ஆள்வது பசிபிக் கடல். வடக்கிலிருந்து இறங்கி வரும் கலிபோர்னியா நீரோட்டம் ஏற்கெனவே குளிர்ந்தது. போதாததற்கு, கோடையில் வீசும் காற்று மேல்மட்ட நீரைக் கரையிலிருந்து தள்ளிவிட, அடியிலிருக்கும் இன்னும் சில்லென்ற நீர் மேலே வருகிறது. அதன்மேல் தவழ்ந்து வரும் காற்று மூடுபனியாகி ஊருக்குள் நுழைகிறது. அங்கிருந்து சாலை வழியே 140 கிலோமீட்டர் உள்ளே போனால் சாக்ரமெண்டோ. அங்கே அதே ஜூலையில் 34 டிகிரி! ஒரு மாநிலத்துக்குள்ளேயே இப்படி என்றால், அட்சரேகையை மட்டும் நம்பி ஒரு கண்டத்தைத் தாண்டி ஒப்பிடுவது எப்படிச் சரியாகும்?

"சரி, இரண்டும் கடலோர ஊர், அப்போ ஒத்துப்போகுமே" என்று அடுத்துத் தோன்றும். அதுவும் பொருந்தாது. இந்த அட்சரேகைப் பகுதியில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. மேற்குக் கரைக்கு அது கடலைத் தடவி வருகிறது. கிழக்குக் கரைக்கு ஒரு கண்டத்தையே கடந்து வருகிறது. கடல் பக்கத்திலேயே இருந்தும் காற்று அந்தத் திசையிலிருந்து வருவது குறைவு. இரண்டு போர்ட்லேண்ட் நகரங்களைப் பாருங்கள். ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லேண்டுக்கு அந்தப் பெயர் வந்ததே மெய்ன் மாநிலத்துப் போர்ட்லேண்டிலிருந்துதான். 1845-இல் அந்த ஊருக்கு உரிமை கொண்டாடிய இருவர், பாஸ்டன் என்று வைப்பதா போர்ட்லேண்ட் என்று வைப்பதா எனக் காசு சுண்டிப் பார்த்தார்கள், மெய்ன்காரர் ஜெயித்தார். ஓரிகன் ஊர் மெய்ன் ஊரைவிட ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. ஆனால் ஜனவரியில் அங்கே சராசரி 5 டிகிரியை ஒட்டி இருக்க, தெற்கே இருக்கும் மெய்ன் ஊர் உறைநிலைக்கும் கீழே போய்விடுகிறது.

மழை விஷயத்தில் இந்தத் தவறு இன்னும் பெரிதாகிறது. எனக்கு மிகவும் பிடித்த ஜோடி லாஸ் வேகாஸும் நாஷ்வில்லும். ஒன்று 36.17 பாகை, மற்றது 36.16. வடக்கு தெற்காக அளந்தால் இரண்டுக்கும் ஒரு கிலோமீட்டர் அளவுதான் வித்தியாசம். லாஸ் வேகாஸில் ஆண்டு முழுக்கப் பெய்வது 10 சென்டிமீட்டர் அளவு மழை. நாஷ்வில்லில் 120 சென்டிமீட்டருக்கு மேல். பசிபிக்கிலிருந்து வரும் ஈரத்தை சியரா நெவாடா மலைத்தொடர் தன் மேற்குச் சரிவிலேயே இறக்கிவிடுகிறது. மலைக்குப் பின்னால் இருக்கும் பாலைவனத்துக்கு மிச்சம் ரொம்பக் கொஞ்சம். நாஷ்வில்லுக்கோ மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று தடையில்லாமல் ஏறி வருகிறது.

ஆகவே அமெரிக்காவில் மழையைப் பற்றிக் கேட்க வேண்டியது தீர்க்கரேகையிடம். 1878-இல் நில ஆய்வாளர் ஜான் வெஸ்லி பவல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் இதைத்தான் சொன்னார்: ஏறக்குறைய 100-வது மேற்குத் தீர்க்கரேகைக்கு மேற்கே ஆண்டு மழை 50 சென்டிமீட்டருக்கும் கீழே, பாசனம் இல்லாமல் விவசாயத்தை நம்ப முடியாது. கிழக்கில் விளைந்ததெல்லாம் அதே அட்சரேகையில் மேற்கேயும் விளையும் என்று நம்பிக் குடியேறிய குடும்பங்கள் பட்ட பாட்டை நினைத்தால், இது வெறும் வரைபடப் பிழையாக எனக்குத் தோன்றுவதில்லை.

அப்புறம் உயரம். பிலடெல்பியாவும் டென்வரும் 40-வது பாகையைத் தொட்டும் தொடாமலும் இருக்கின்றன. பிலடெல்பியா கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில். டென்வர் 1,609 மீட்டர் உயரத்தில், அதாவது சரியாக ஒரு மைல். அங்குள்ள மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் படி ஒன்றிலேயே இதைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிலடெல்பியாவிலிருந்து வேலை மாறி அங்கே போகும் தமிழ்க் குடும்பம் இதை முதலில் அடுப்படியில்தான் கண்டுபிடிக்கும். திறந்த பாத்திரத்தில் வைத்த துவரம்பருப்பு கொதித்துக்கொண்டே இருக்கும், மசியாது. குக்கர் வைத்தாலும் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு விசில் கூட விட வேண்டும். வறண்ட, மெல்லிய காற்று என்பதால் பகலில் வெயில் சுள்ளென்று அடித்தாலும், சூரியன் மறைந்ததும் குளிர் சட்டென்று இறங்கிவிடும்.

கடிகாரத்தைப் பார்த்து ஏமாறுவது வேறு வகை. பாஸ்டனும் டெட்ராய்ட்டும் 42.3 பாகையில் இருக்கின்றன, இரண்டுக்கும் ஒரே நேர மண்டலம். ஜூன் 21 அன்று இரண்டிலும் பகல் 15 மணி 17 நிமிடம். ஆனால் பாஸ்டனில் சூரியன் மறைவது இரவு 8.25-க்கு, டெட்ராய்ட்டில் 9.13-க்கு. டிசம்பரில் திருப்பிப் பாருங்கள்: பாஸ்டனில் மாலை 4.15-க்கே சூரியன் மறைந்துவிடும், டெட்ராய்ட்டில் காலை எட்டு மணி வரை விடியாது. பகல் நீளம் அட்சரேகையின் கணக்கு. அந்தப் பகல் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்பது, நேர மண்டலத்துக்குள் ஊர் கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்பதன் கணக்கு. குழந்தைகளின் பள்ளி நேரத்தை வைத்து ஊர் பார்ப்பவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வரைபடத்தில் அடிக்கோலை வைத்து ஒரே அட்சரேகை ஊர்களைத் தேடுவதையும் விட்டுவிடுங்கள். சுவரில் மாட்டும் அமெரிக்க வரைபடங்கள் பலவற்றில் அட்சரேகைகள் நேர்கோடாக இருக்காது, நடுவில் தொய்ந்த கயிறு மாதிரி வளைந்திருக்கும். அப்படிப்பட்ட படத்தில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ரிச்மண்டுக்கு அடிக்கோல் வைத்தால், பாதி வழியில் அது கான்சாஸ்-நெப்ராஸ்கா எல்லைப் பக்கம், ஏறக்குறைய 40-வது பாகையில் போகும். உண்மையில் அங்கே அதே அட்சரேகையில் இருக்கும் ஊர் டாட்ஜ் சிட்டி, 200 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே. (பவல் சொன்ன 100-வது தீர்க்கரேகையும் டாட்ஜ் சிட்டி வழியாகத்தான் போகிறது.) விமானத்தின் மிகக் குறுகிய பாதையும் அந்த அடிக்கோல் காட்டும் வழி மாதிரியே அட்சரேகையை விட்டு வடக்கே விலகித்தான் போகும். அட்சரேகையை ஒட்டியே போவதைவிடச் சுமார் 40 கிலோமீட்டர் மிச்சம்.

இதே கண்ணேமாற்றம்தான் மெய்ன் மாநிலம் எல்லாவற்றுக்கும் வடக்கே இருப்பதாக நினைக்க வைக்கிறது. சியாட்டில் நகரின் மையப்பகுதி 47.6 பாகை. மெய்னின் வடகோடியே 47.5-க்குள் முடிந்துவிடுகிறது.

கடைசியாக, எண்களை எடுத்து எழுதும்போது நேரும் ஒன்று. சான் பிரான்சிஸ்கோ 37 பாகை (டிகிரி) 46 கலை (மினிட்). இதை 37.46 என்று எழுதிவிட்டால் ஊர் 34 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துவிடும். ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் 46-ஐ 60-ஆல் வகுத்து 37.77 என்றுதான் எழுத வேண்டும். நகரத்தை ஒரு புள்ளியாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸ் வடக்கு தெற்காக 70 கிலோமீட்டர் நீளம், அதாவது அரைப் பாகைக்கும் மேல். அதன் தென்முனையான சான் பீட்ரோ துறைமுகப் பகுதி அட்லாண்டாவோடு ஒரே கோட்டில் நிற்கிறது, வடமுனை 34.3 பாகைக்குப் போய்விடுகிறது. எந்த எண் நகரத்தின் எந்த இடத்துக்கு என்று பார்த்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.