மவுஸ் போகும் வழியெல்லாம் கத்தரிக்காய்: வலைப்பக்கத்தில் கர்சர் எஃபெக்ட் சேர்ப்பது எப்படி

வேலூர் முள்ளு கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை விற்க ஒரு பக்கம் போடுகிறீர்கள். மவுஸ் நகர்ந்தால் குட்டிக் கத்தரிக்காய் எமோஜிகள் உதிர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அனிமேஷனை நாமே எழுதத் தேவையில்லை. டிம் ஹோல்மனின் கர்சர்-எஃபெக்ட்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி போதும். எமோஜியில் முள் இருக்காது, அதற்கு வழியில்லை.

பாடி டேக் முடிவதற்குச் சற்று மேலே ஒரு ஸ்கிரிப்ட் டேக் போட்டு, டைப் என்பதில் மாட்யூல் என்று கொடுங்கள். இதை விட்டுவிட்டால் மாட்யூலுக்கு வெளியே இம்போர்ட் செல்லாது என்று பிரவுசரின் கன்சோலில் (பிழைகளைக் காட்டும் இடம்) சிவப்பு வரி வரும். அதோடு ஸ்கிரிப்ட் நின்றுவிடும்.

முதல் வரி: இம்போர்ட், ஃபிளவர் பிராக்கெட்டுக்குள் எமோஜிகர்சர், பிறகு ஃப்ரம், மேற்கோளுக்குள் அன்பிகேஜி (லைப்ரரிக் கோப்புகளை நேரடியாகத் தரும் தளம்) முகவரி. முகவரி டிஸ்ட் ஃபோல்டரின் இஎஸ்எம் டாட் ஜேஎஸ் கோப்பில் முடியும். பேக்கேஜ் பெயரை அடுத்து அட் குறி போட்டு லேட்டஸ்ட் என்றும் எழுதலாம். ஆனால் நாலு பேர் பார்க்கும் கடைப் பக்கத்துக்கு, சோதித்த பதிப்பின் எண்ணையே எழுதுங்கள். இல்லாவிட்டால் லைப்ரரியின் புதுப் பதிப்பு வரும் நாளில் உங்கள் பக்கமும் சொல்லாமல் கொள்ளாமல் மாறிவிடும்.

இரண்டாவது வரி: நியூ எமோஜிகர்சர். அதன் அடைப்புக்குள் ஃபிளவர் பிராக்கெட் போட்டு, எமோஜி என்ற பெயருக்கு எதிரே சதுர அடைப்பில் கத்தரிக்காயை மேற்கோளிட்டுத் தரவும். எமோஜிகர்சர் என்பதில் 'சி' மட்டும் பெரிய எழுத்து. பெயர் பிசகினால் எதுவும் ஓடாது.

இப்படியே விட்டால் பக்கம் முழுக்கக் காய் கொட்டும். விலைப்பட்டியல் படிப்பவருக்கு அது தொல்லை. மேலே உள்ள பேனரோடு நிறுத்துவதே நல்லது: பேனருக்கு ஒரு ஐடி வைத்து, அதைக் குவெரிசெலக்டரால் எடுத்து, எலிமென்ட் என்ற ஆப்ஷனில் கொடுங்கள். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். லைப்ரரி பேனருக்குள் காய்களை வரைய ஒரு கேன்வாஸைப் பொசிஷன் அப்சல்யூட்டாக ஒட்டுகிறது. பேனரின் சிஎஸ்எஸ்ஸில் பொசிஷன் ரிலேட்டிவ் இல்லையென்றால் கேன்வாஸ் வேறெங்கோ போய் உட்காரும்; மவுஸ் ஒரு பக்கம், காய் இன்னொரு பக்கம். கேன்வாஸ் மேலே கிடந்தாலும் பாயின்டர்-ஈவென்ட்ஸ் நன் என்றிருப்பதால் பட்டன்கள் வழக்கம்போல் அழுந்தும்.

ஃபேரிடஸ்ட், பபிள், கோஸ்ட், ரெயின்போ என்று வேறு வகைகளும் உண்டு. ஸ்னோஃப்ளேக்கும் உண்டு, கத்திரி வெயிலில் வேலூர்க்காரர் அதைப் பார்த்துச் சிரிப்பாரா முறைப்பாரா என்பது உங்கள் கணிப்பு. எதுவானாலும் ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டால், தேவைப்படும்போது டெஸ்ட்ராய் கூப்பிட்டு நிறுத்தலாம்.

உங்களிடம் ஓடி, வாடிக்கையாளர் கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லையா? அங்கே விண்டோஸ் 11 ஆக்சசிபிலிட்டியில் அனிமேஷன் எஃபெக்ட்ஸ் அணைந்திருக்கும். அசைவு வேண்டாம் என்றவருக்கு லைப்ரரி தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். அதை மீற முயல வேண்டாம்.

இன்டர்நெட் இல்லாமல் சோதிக்க லைப்ரரிக் கோப்பை இறக்கி வைத்து, பக்கத்தை டபுள் கிளிக் செய்து திறந்தால் பிரவுசர் மாட்யூலைத் தடுத்துவிடும். விஎஸ் கோட் எடிட்டரின் லைவ் சர்வர் எக்ஸ்டென்ஷன் வழியாகத் திறந்தால் ஓடும்.