உங்கள் வீட்டுக்கு எந்த நாய் சரிப்படும்? முதல்முறை வளர்ப்பவர்களுக்குப் படிப்படியாக

நாய் வளர்க்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்த அன்றே போனை எடுத்து லேப் (லாப்ரடார்) குட்டி, ஹஸ்கி குட்டி என்று படம் பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். பிள்ளைகள் பெயரே வைத்துவிடுவார்கள். இந்த விளக்கத்தில் இனம் ஐந்தாவது படியில்தான் வருகிறது. உங்கள் நேரம், வீடு, வெயில், தெரு இந்த நான்கையும் பார்த்து முடித்தால் எந்த நாய் என்ற கேள்விக்கு முக்கால்வாசி பதில் கிடைத்துவிடும். வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்து வீடுகளை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

படி 1: ஒரு நாளைத் தாளில் எழுதுங்கள்

காலை ஐந்து முதல் இரவு பதினொன்று வரை மணி போட்டு, ஒவ்வொரு மணிக்கும் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். அப்பாவுக்கு மணலியில் ஷிஃப்ட், அம்மாவுக்குப் பாரிமுனையில் கடை வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்து டியூஷன் என்றால், பகலில் எட்டு மணி நேரம் வீடு பூட்டிக் கிடக்கிறது என்பது தாளிலேயே தெரிந்துவிடும். இரண்டு மாதக் குட்டி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூத்திரம் போகும். நாளைக்கு மூன்று நான்கு வேளை சாப்பாடு வேண்டும். பூட்டிய வீட்டில் அதை வளர்க்க முடியாது. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஒன்றரை, இரண்டு வயதான நாயைத் தத்தெடுப்பதுதான் நல்லது. குணம் எப்படி, எவ்வளவு வளரும் என்பதெல்லாம் கண்முன்னே தெரியும்.

"பாட்டிதான் வீட்டில் இருக்காங்களே" என்று பல வீடுகளில் சொல்வார்கள். அப்படியென்றால் நாயை வளர்க்கப்போவது பாட்டிதான். முதலில் அவரிடம் கேளுங்கள். முட்டி வலியோடு இருப்பவர் கையில் முப்பது கிலோ நாயின் பெல்ட்டைக் கொடுத்தால், பூனையைப் பார்த்து அது ஒரு இழு இழுத்தாலே அவர் விழுந்துவிடுவார்.

படி 2: வீட்டை நாயின் கண்ணால் பாருங்கள்

பழைய வண்ணாரப்பேட்டை வீடுகளில் படிக்கட்டு எப்படி இருக்கும் என்று தெரியும்: ஒரு ஆள் அகலம், செங்குத்தான ஏற்றம், நடுவில் ஒரு திருப்பம். இரண்டாவது மாடியில் குடியிருந்தால் ஒரு பத்து கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் இறங்கிப் பாருங்கள். நாய்க்கு உடம்பு முடியாத நாளில் இப்படித்தான் தூக்கி இறக்க வேண்டியிருக்கும். லேப் என்றால் அதைப்போல் மூன்று மடங்கு எடை. வயதாகும்போது லேப்களுக்கு இடுப்பு மூட்டுத் தொல்லை வருவது சகஜம். நீள உடம்பும் குட்டைக் காலுமான டாஷ்ஹண்ட் எடை குறைவுதான், ஆனால் தினமும் படி ஏறி இறங்கினால் அதன் முதுகுத்தண்டு தாங்காது.

சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் குரைப்புச் சத்தம் பெரிய விஷயம். நாம் பாம் என்று கூப்பிடும் வெள்ளை ஸ்பிட்ஸ் அன்பான நாய், ஆனால் படிக்கட்டில் காலடி கேட்டாலே குரைக்கும். பீகிள் ஊளையிடும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தையோ, இரவு வேலைக்குப் போய்ப் பகலில் தூங்குபவரோ இருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குவது அவசியம். வீடு மாறும்போது கைவிடப்படும் நாய்களை நம் தெருக்களில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

படி 3: வெயிலைக் கணக்கில் எடுங்கள்

இந்தப் படியில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நமக்கு வேர்ப்பதுபோல் நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் அது உடம்புச் சூட்டை வெளியேற்றுகிறது. நாக்கிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ஈரம் ஆவியாக வேண்டும். கடற்கரையோரமான நம் பக்கத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அது சரியாக ஆவியாவதில்லை. அதனால் வெயில் அளவைவிடப் புழுக்கம்தான் நாயை அதிகமாக வாட்டுகிறது.

இப்போது பக் நாயின் முகத்தை நினைத்துப் பாருங்கள். சப்பை மூக்கு, நெரிந்த மூச்சுப்பாதை. சாதாரண நாளிலேயே குறட்டை விட்டுத்தான் மூச்சு விடும். ஃபிரெஞ்சு புல்டாக், ஷிட்சூ நாய்களுக்கும் இதே தொல்லைதான். ஹஸ்கியும் செயின்ட் பெர்னார்டும் பனிக்காக இரட்டை அடுக்கு முடியோடு உருவான நாய்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மே மாதத்தில் அவற்றை வைத்திருப்பது கொடுமை. "ஏசி போட்டுக்கொள்வோம்" என்பார்கள். நாள் முழுக்க ஏசி ஓடுமா, மத்தியானம் கரன்ட் போனால் என்ன செய்வது என்று யோசித்துவிட்டு அதைச் சொல்லுங்கள்.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள். நீங்கள் நாயோடு நடக்க நினைக்கும் நேரத்தில் தெருவில் இறங்கி, தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு வரை எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் கையை எடுத்துவிட்டீர்கள் என்றால் அந்த நேரத்தில் நாய் நடக்க முடியாது, பாதம் வெந்துவிடும். கோடையில் காலை ஏழு மணிக்குள், அப்புறம் இருட்டிய பிறகு, அவ்வளவுதான் நேரம்.

படி 4: எங்கே நடப்பீர்கள்?

கன்டெய்னர் லாரிகள் போகும் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் நாயோடு நடக்க முடியாது. உள் தெருக்களில் ஒவ்வொன்றும் ஒரு தெருநாய்க் கூட்டத்தின் எல்லை. ஒரு வாரம் நாய் இல்லாமல் அந்த வழியில் நடந்து, எந்த முனையில் எத்தனை நாய் படுத்திருக்கிறது என்று பாருங்கள். காதில் சின்ன வெட்டு இருந்தால் அது கருத்தடை செய்யப்பட்ட நாய், பெரும்பாலும் சண்டை குறைவு. காசிமேடு பக்கம் நடப்பவர்கள் நாயின் வாயிலேயே கண் வைத்திருக்க வேண்டும். மீன் வாசனைக்குத் தூண்டில் முள்ளையும் சேர்த்து விழுங்கிவிடும்.

படி 5: இப்போது இனத்துக்கு வருவோம்

இதுவரை எழுதியதை வைத்துப் பார்த்தால், வடசென்னையின் பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது நாட்டு நாய்தான். தெருவில் பிறந்த குட்டியைச் சொல்கிறேன். குட்டை முடி, நீண்ட மூக்கு, நடுத்தர உடம்பு என்று இந்த வெயிலுக்கே அமைந்தது. நாம் சாப்பிடும் சாதத்தோடு முட்டை, கோழி, கொஞ்சம் காய் வேகவைத்துக் கலந்து கொடுத்தே நன்றாக வளர்க்கலாம். ஆனால் உப்பும் காரமும் கூடாது, வெங்காயமும் பூண்டும் அறவே கூடாது. பிரியாணி மிச்சம் வேண்டவே வேண்டாம். புத்திசாலி, சீக்கிரம் பழகும். பிற ஆட்களிடம் கொஞ்சம் உஷாராக இருப்பது அதன் இயல்பு என்பதால், நான்கு மாதத்துக்குள் ஆட்டோ சத்தம், குழந்தைகள், விருந்தாளிகள் என்று எல்லாவற்றையும் பழக்கிவிட வேண்டும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாய் இனங்கள் நம் மண்ணின் பெருமை. அதற்காக நானூறு சதுரடி வீட்டில் வைக்காதீர்கள். இவை ஓடி வேட்டையாடிய நாய்கள். மாதவரத்துக்கு அப்பால் சுற்றுச்சுவரோடு காலி இடம் வைத்திருப்பவர்களும், தினமும் ஓடவிடக்கூடியவர்களும் தாராளமாக வளர்க்கலாம். ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு இருப்பதுண்டு. குட்டி பார்க்காத பக்கம் நின்று கை தட்டிப் பாருங்கள். தரையைத் தட்ட வேண்டாம், அதிர்வை வைத்தே திரும்பிவிடும்.

லேப் குழந்தைகளோடு நன்றாகப் பழகும், உண்மைதான். ஆனால் ஒரு மணி நேர நடை கிடைக்காத லேப் செருப்பைக் கடிக்கும், சீக்கிரமே குண்டாகும். தரைத்தளமும் தினசரி நடையும் உறுதி என்றால் மட்டும் எடுங்கள். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு, அக்கம்பக்கத்துக்குச் சத்தம் பரவாயில்லை என்றால், ஸ்பிட்ஸ் நல்ல துணை. அதன் வெள்ளை முடி தினமும் கொட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராட்வைலர் போன்ற பலசாலிக் காவல் நாய்கள் முதல்முறை வளர்ப்பவர்களுக்கு வேண்டாம்.

படி 6: குட்டியைப் பார்க்கும்போது

எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பது 2017-ல் வந்த மத்திய அரசின் விதிகளின்படி தவறு. பிஸ்கட் டப்பா அளவுக்குச் சின்னதாக, கண் இடுங்கிய குட்டியைச் சந்தையில் கூடையில் வைத்துக் காட்டினால் பரிதாபப்பட்டுக்கூட வாங்காதீர்கள். வாங்கினால் அடுத்த வாரம் இன்னொரு கூடை வரும். குட்டி பிறந்த இடத்துக்கே போய்த் தாயைப் பாருங்கள். தாய் உங்களைப் பார்த்து நடுங்கினாலோ சீறினாலோ அந்தக் குணம் குட்டிகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். அப்புறம் குட்டியைக் கையில் எடுத்து மல்லாக்கப் பிடியுங்கள். கொஞ்சம் நெளிந்துவிட்டு அடங்குகிற குட்டி குடும்பத்துக்கு ஏற்றது. கண்ணில் பீளை இருக்கக் கூடாது, வால் அடியில் பேதி ஒட்டியிருக்கக் கூடாது. ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானைபோல் உப்பியிருந்தால் குடலில் புழு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பூச்சி மருந்தில் சரியாகிவிடும்.

படி 7: டாக்டர், ஊசி, உரிமம்

நமக்குப் பக்கத்திலேயே வேப்பேரியில் 1903-லிருந்து இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மருத்துவமனையில் தனியார் கிளினிக்கைவிடச் செலவு குறைவு, காத்திருக்க வேண்டியிருக்கும். திரு.வி.க. நகரில் மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையமும் உண்டு.

ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி. பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக நான்கு மாதம் வரை. மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) ஊசி, அப்புறம் வருடாவருடம். இந்த வரிசை முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்கிவிடாதீர்கள், வெளிச் சத்தத்தைப் பழக்கக் கையில் தூக்கிக்கொண்டே போங்கள். குட்டிகளுக்கு வாந்தி, பேதி உண்டாக்கிக் கொல்லக்கூடிய பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். டாக்டரிடம் லெப்டோ சேர்ந்த ஊசியாகக் கேட்டு வாங்குங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் பரவும் நோய் அது. மழைக்காலத்தில் வியாசர்பாடி, புளியந்தோப்புத் தெருக்களில் தண்ணீர் நிற்பது உங்களுக்கே தெரியும். அந்த நோய் நம்மையும் பிடிக்கும்.

மாநகராட்சி உரிமம் கட்டாயம். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், ரேபிஸ் ஊசிச் சான்று வேண்டும், மைக்ரோசிப்பும் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) பொருத்த வேண்டும். சொந்தக் குட்டியே விளையாட்டாகக் கடித்து ரத்தம் வந்தாலும் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

படி 8: எந்த நாளில் கொண்டுவருவது?

வீட்டில் யாராவது ஒருவர் முதல் ஒரு வாரம் முழுவதும் கூடவே இருக்கக்கூடிய நாளாகப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று இரவு தாயைத் தேடி அழும். உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் பழைய புடவையை விரித்துப் படுக்கவைத்தால் போதும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் மட்டும் வேண்டாம். புது இடத்துக்கு வந்த குட்டி சரவெடிச் சத்தத்தில் மிரண்டால் அந்தப் பயம் வாழ்நாள் முழுக்கப் போகாமல் இருந்துவிடலாம். குட்டி தயாராக இருந்தாலும், கார்த்திகை முடிந்து எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி வையுங்கள். தாயோடு இன்னும் சில வாரம் இருப்பது குட்டிக்கும் நல்லதுதான்.