நட்சத்திரமும் ஹேஷும் போட்டு அழுத்தியும் பதில் வரவில்லையா?

மீதித் தொகை பார்க்கவோ, அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திரும்புவதை நிறுத்தவோ ஒரு குறியீட்டை டயல் செய்கிறீர்கள். திரையில் வட்டம் சுழல்கிறது. பிறகு, 'இணைப்புச் சிக்கல் அல்லது தவறான எம்.எம்.ஐ. குறியீடு' என்று ஒரு வரி. நட்சத்திரமும் ஹேஷும் போட்டு டயல் செய்யும் இத்தகைய குறியீட்டுக்குத்தான் எம்.எம்.ஐ. என்று பெயர். ஆண்ட்ராய்டு போன்களில் அடிக்கடி தலைகாட்டும் இந்த வரியால் நமக்கு ஒரு பயனும் இல்லை. இணைப்பில் கோளாறா, குறியீட்டில் கோளாறா என்பதைக்கூட அது பிரித்துச் சொல்வதில்லை. நாமே பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். எடுத்த எடுப்பில் ஃபாக்டரி ரீசெட் (போனில் உள்ளதை எல்லாம் அழித்துப் புதிதாக்குவது) செய்யச் சொல்பவர்களின் பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.

இந்தக் குறியீடுகள் எல்லாமே ஒரே இடத்துக்குப் போவதில்லை. சில, போனுக்குள்ளேயே முடிந்துவிடும். சில, மொபைல் நெட்வொர்க்குகளுக்குப் பொதுவாக வகுக்கப்பட்டவை. மற்றவை உங்கள் சேவை நிறுவனம் தனக்கென்று வைத்துக்கொண்டவை. வகைக்கு ஒன்றாக டயல் செய்து பார்த்தால் கோளாறு எங்கே என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

படி 1: *#06#

கடைசி ஹேஷை அழுத்தியதுமே, அழைப்புப் பொத்தானைத் தொடாமலேயே, போனின் தனி அடையாளமான 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வர வேண்டும். இதற்கு சிக்னல் தேவையில்லை. எண் வரவில்லை என்றால் நெட்வொர்க்கைக் குறை சொல்லிப் பயனில்லை. டயல் செய்யும் செயலியில்தான் சிக்கல். தனியாக நிறுவிய டயலர் இருந்தால் அதை விட்டுவிட்டு, போனுடன் வந்த செயலியில் முயலுங்கள். குறியீட்டை எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளியும் கூடவே ஒட்டிக்கொண்டு வரலாம். கையால் தட்டுவதே நல்லது.

படி 2: *#43#

அழைப்புக் காத்திருப்பு (கால் வெயிட்டிங்) வசதி இயங்குகிறதா என்று நெட்வொர்க்கைக் கேட்கும் குறியீடு இது. கேட்பதோடு சரி, எதையும் மாற்றாது. அதனால் தயங்காமல் சோதிக்கலாம். முதல் படி தேறி இது தவறினால், போனுக்கும் நெட்வொர்க்குக்கும் இடையில்தான் ஏதோ தடை. பெரும்பாலானோர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

முதலில் ஏரோப்ளேன் மோடை இயக்கி, சில நொடிகள் விட்டு அணையுங்கள். போன் நெட்வொர்க்கில் புதிதாகப் பதிவு செய்துகொள்ளும். பாதிப் பிரச்சினைகள் இங்கேயே தீரும் என்பது என் கணிப்பு. தீரவில்லையா? வைஃபை வழி அழைப்பு இயங்கினால் அணைத்துவிட்டு முயலுங்கள். அடுத்து, மொபைல் டேட்டாவை இயக்குங்கள். டேட்டாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். 4ஜி குரல் சேவை உள்ள சில நெட்வொர்க்குகளில் அழைப்புக் காத்திருப்பு, அழைப்புத் திருப்பல் ஆகியவற்றின் அமைப்புகள் டேட்டா இணைப்பு வழியாகவே போய்வருகின்றன.

படி 3-இல் வரும் நிறுவனத்தின் மெனு குறியீடுகளின் கதை இதற்கு நேர்மாறானது. யூ.எஸ்.எஸ்.டி. எனப்படும் இந்த ஏற்பாடு 2ஜி காலத்தது. 4ஜியில் இருக்கும் பல போன்கள் இதற்காகவே கொஞ்ச நேரம் 2ஜி அல்லது 3ஜிக்கு இறங்கி வரும். அமைப்புகளில் '4ஜி மட்டும்' என்று பூட்டி வைத்திருந்தால் இறங்க வழியில்லாமல் போகும். தானியங்கித் தேர்வுக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சிம்மில் 'நிலையான எண்களை மட்டும் அழைக்கலாம்' என்ற கட்டுப்பாடு இயங்கினால், பட்டியலில் இல்லாத குறியீடுகளும் தடைபடும். அதை அணைக்க பின்2, அதாவது சிம்மின் இரண்டாவது ரகசிய எண் வேண்டும். ஊகித்துப் போட்டுப் பார்க்காதீர்கள், மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும்.

படி 3: நிறுவனத்தின் குறியீடு

முதல் இரண்டும் தேறி, மேலே சொன்ன '4ஜி மட்டும்' பூட்டும் இல்லாமல், இது மட்டும் தவறினால் போனில் பழுதில்லை. குறியீடே மாறியிருக்கலாம், நிறுவனங்கள் சொல்லாமல் கொள்ளாமல் மாற்றுவதுண்டு. இரண்டு சிம் உள்ள போனில் இன்னொரு நிறுவனத்தின் சிம் வழியாகக் குறியீடு போயிருக்கலாம். டயல் செய்யும்போது எந்த சிம் என்று போன் கேட்கவில்லை என்றால், அழைப்புகளுக்கான சிம்மை 'ஒவ்வொரு முறையும் கேள்' என்று மாற்றுங்கள். டேட்டாவுக்காக மட்டும் வாங்கிய இ-சிம்மில் இந்த வசதி இல்லாமலே இருக்கலாம். குறியீட்டின் முடிவில் காற்புள்ளி சேர்க்கும் வைத்தியம் சில போன்களில் பலிக்கிறது. ஆனால் அதைக் கடைசியாக முயன்றால் போதும்.

மெனு வந்து பாதியில் அறுந்துபோனால் அது வேறு சங்கதி. குறுஞ்செய்தியைப் போல இதைச் சேமித்துவைத்துப் பிறகு அனுப்பும் ஏற்பாடு கிடையாது. தொலைபேசிப் பேச்சைப் போல அந்தக் கணத்தில் நடந்து முடிய வேண்டும். பதில் தர நேரக் கெடுவும் உண்டு. எண்களைக் கையில் வைத்துக்கொண்டே தொடங்குங்கள். இந்த மெனு வழியாகப் பணம் அனுப்பும்போது அறுந்தால், மீண்டும் டயல் செய்வதற்கு முன் கணக்கின் இருப்பைப் பாருங்கள். போன காசு இரண்டாம் முறையும் போக வேண்டாம்.

எச்சரிக்கை ஒன்று: யாராவது தொலைபேசியில் அழைத்து, *21* என்று தொடங்கி நடுவில் ஓர் எண்ணும் கடைசியில் ஹேஷும் உள்ள குறியீட்டை டயல் செய்யச் சொன்னால் உடனே அழைப்பைத் துண்டியுங்கள். அதை டயல் செய்தால் உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அந்த எண்ணுக்குப் போய்விடும், குரல் அழைப்பில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல் உட்பட. இப்படி ஒரு திருப்பல் இயங்குகிறதா என்று தெரிய *#21# டயல் செய்யுங்கள். எல்லாத் திருப்பல்களையும் ஒரேயடியாக நீக்க ##002#. குரலஞ்சல் (வாய்ஸ்மெயில்) பயன்படுத்துபவர்கள் இதற்குப் பிறகு அதை மறுபடி அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், ஏனென்றால் அதுவும் ஒரு திருப்பல்தான்.