கரீபியன் கடலில் கப்பல் பிடித்த கதை: எழுத வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு மாணவி தன் ஆய்வேட்டின் முதல் வரைவைக் கொண்டுவந்து காட்டினார். 18-ஆம் நூற்றாண்டில் கரீபியன் கடலில் போர்க்கப்பல்கள் பிடித்த அயல்நாட்டு வணிகக் கப்பல்களின் அட்டவணை. நிறைய உழைத்திருந்தார். ஆனால் மூன்றாவது பக்கத்திலேயே என் பழைய தவறு அப்படியே உட்கார்ந்திருந்தது. தீவின் பெயரைத் தப்பாக எழுதுவது போன்றவற்றை யாரும் தாங்களே திருத்திக்கொள்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிடித்தவர்களை எல்லாம் கொள்ளையர் என்பது

ஸ்பெயினின் 'குவார்டா கோஸ்டா' காவல் கப்பல்களில் பல, தனியார் செலவில் கிளம்பியவை. ஆனால் ஆளுநர் கொடுத்த அதிகாரப் பத்திரம் கையில் இருக்கும். பிடிக்கிற சரக்கில் கிடைக்கும் பங்குதான் வருமானம். ஆங்கிலேயர் அதைக் கொள்ளை என்றார்கள், ஸ்பானியர் கள்ளக்கடத்தல் தடுப்பு என்றார்கள். 1731-இல் ஆங்கிலேய வணிகக் கப்பல் கேப்டன் ராபர்ட் ஜென்கின்ஸின் காதை அறுத்ததும் இப்படியொரு காவல் கப்பல்தான். யார் கொடுத்த பத்திரம் என்று பார்த்துவிட்டுப் பெயர் வையுங்கள்.

பிடிபட்டதெல்லாம் பறிமுதல் என்று எண்ணுவது

இதை இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை, ஏனென்றால் இதற்கு நான் இரண்டு வருட உழைப்பைக் கொடுத்திருக்கிறேன்.

1793 நவம்பர் 6-ஆம் தேதி, பிரான்சோடு போரிலிருந்த லண்டன் ஓர் ஆணை போட்டது. பிரெஞ்சுத் தீவுகளோடு வியாபாரம் செய்யும் நடுநிலை நாட்டுக் கப்பல்களைப் பிடிக்கலாம் என்றது அது. சில மாதங்களில் 250-க்கும் மேற்பட்ட அமெரிக்கக் கப்பல்கள் பிடிபட்டன. நான் அத்தனையையும் 'இழப்பு' என்ற ஒரே கட்டத்தில் போட்டுக் கூட்டினேன். அவற்றில் சுமார் 150 மட்டுமே பறிமுதல் என்று தீர்ப்பானது எனக்குத் தெரியாது. 1794-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் கையெழுத்திட்ட ஜே ஒப்பந்தத்தின்படி ஓர் ஆணையம் அமைந்து, ஒரு கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு கிடைத்ததும் தெரியாது. இரண்டு பத்திரிகைகளில் இரண்டு விதமாக எழுதப்பட்ட ஒரே கப்பலை இரண்டு கப்பலாக வேறு எண்ணியிருந்தேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

கப்பலைப் பிடிப்பதோடு வழக்கு ஆரம்பிக்கிறது, அவ்வளவுதான். தீவிலுள்ள துணை அட்மிரால்டி நீதிமன்றத்துக்கு, அதாவது கடல் வழக்குகளுக்கான நீதிமன்றத்துக்கு, அதைக் கொண்டுபோக வேண்டும். நீதிபதி பறிமுதல் செய்யலாம், விட்டும் விடலாம். மேல்முறையீடு லண்டனுக்குப் போய் வருடக்கணக்கில் கிடக்கும். பிடித்தது தப்பு என்றால் பிடித்த கேப்டனே நஷ்டஈடு கட்ட வேண்டும்.

நெல்சனையே பாருங்கள். பின்னாளில் பெயர்பெற்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி, அப்போது 'போரியஸ்' கப்பலின் இளம் கேப்டன். சுதந்திரம் பெற்ற அமெரிக்காவின் கப்பல்கள் பிரிட்டிஷ் தீவுகளோடு வியாபாரம் செய்ய அப்போது தடை இருந்தது. 1785-இல் பிரிட்டிஷ் தீவான நீவிஸில் நான்கு கப்பல்கள் தீவுக்கொடியைப் பறக்கவிட்டு நின்றன. சொந்தக் கொடியை ஏற்றிக்கொண்டு 48 மணி நேரத்தில் கிளம்பச் சொன்னார் நெல்சன். நாங்கள் அமெரிக்கர்களே இல்லை என்றார்கள் கப்பல்காரர்கள். மாலுமிகள் சிலரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு விசாரித்தார். அட்மிரால்டி நீதிபதியும் அங்கே இருந்தார். கப்பலும் சரக்கும் அமெரிக்கர்களுடையவை என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். நெல்சன் நான்கையும் பிடித்தார்.

பலரும் இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். ஆனால் அதற்கப்புறம் தீவு வியாபாரிகள் அவர்மீது நஷ்டஈட்டு வழக்குப் போட்டார்கள். கரையில் கால் வைத்தால் கைது. எட்டு வாரம் அவர் கப்பலைவிட்டு இறங்கவே இல்லை. தடையால் நஷ்டப்பட்ட தோட்ட முதலாளிகளில் ஒருவரான நீவிஸ் சபைத் தலைவர் ஜான் ஹெர்பர்ட்டே 10,000 பவுண்டுக்கு ஜாமீன் நிற்க முன்வந்தார். கடைசியில் தீர்ப்பு நெல்சன் பக்கம் வந்தது. அது வரும்வரை அந்த நான்கு கப்பல்களும் யாருடையவை என்பது முடிவாகவில்லை. உங்கள் அட்டவணையில் அந்த நாட்களுக்கு ஒரு கட்டம் வேண்டாமா?

ஆகவே 'பிடித்த தேதி' என்ற கட்டத்துக்குப் பக்கத்திலேயே 'தீர்ப்பு' என்று ஒன்றும் 'மேல்முறையீடு' என்று ஒன்றும் போடுங்கள். தீர்ப்பு கிடைக்காவிட்டால் காலியாக விடுங்கள். போர்க்கால வழக்கென்றால் மாலுமிகளின் சாட்சியத்தைத் தேடிப் படியுங்கள். எங்கே பிறந்தாய், ஏழு வருடமாக எங்கே வசிக்கிறாய், பிடிபடும்போது காகிதம் எதையாவது கிழித்தார்களா, கடலில் வீசினார்களா என்று எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டிருப்பார்கள். பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்படும் இடத்தில்தான் கப்பல் உண்மையில் யாருடையது என்று தெரியவரும்.

'அயல்நாடு' என்றால் எது என்று கேட்காமல் விடுவது

அமெரிக்கச் சுதந்திரப் போருக்கு முன் பாஸ்டன் கப்பல் ஜமைக்காவுக்கு உள்ளூர்க் கப்பல் மாதிரி. அமெரிக்கக் கப்பல்களைத் தடுத்த லண்டனின் 1783 ஜூலை 2 ஆணைக்குப் பிறகு அதே கேப்டன் அதே மாவைக் கொண்டுவந்தால் குற்றம்.

சரக்கை மறப்பது

அந்த மாவும் உப்பிட்ட மீனும் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களின் சாப்பாடு. புயல்களும் இந்தத் தடையும் சேர்ந்து 1780-க்கும் 1787-க்கும் இடையில் 15,000 அடிமைகளைப் பட்டினியில் கொன்றன என்று ஜமைக்கா சட்டசபையே சொன்னது. சபையில் இருந்தவர்கள் முதலாளிகள், தடையை நீக்கக் கேட்டவர்கள். அதையும் கணக்கில் எடுங்கள். ஆனால் இந்த வரி இல்லாமல் கட்டுரையை முடிக்காதீர்கள்.

கொடியை நம்புவது

1781 பிப்ரவரியில் டச்சுத் தீவான செயின்ட் யூஸ்டேஷியஸைப் பிடித்த பிரிட்டிஷ் அட்மிரல் ரோட்னி, டச்சுக் கொடியை இறக்காமலே விட்டு, அதை நம்பி வந்த கப்பல்களை எல்லாம் பிடித்தார்.

தேதி

1752 வரை இங்கிலாந்தின் நாட்காட்டி ஸ்பெயினுடையதைவிட 11 நாள் பின்னால்.