ஃபிளெக்ஸில் ஒரு கோச், மைதானத்தில் வேறொரு கோச்

என் மகனுக்கு ஏழு வயது முடிந்த கோடையில் அவனைக் கால்பந்துப் பயிற்சியில் சேர்த்தேன். டர்ஃப் வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸ். கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் கோச்சின் படம், கீழே 'ஏ.எஃப்.சி. ஏ லைசென்ஸ்' என்று கொட்டை எழுத்து. ஏ.எஃப்.சி. என்றால் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு. மூன்று மாத ஃபீஸை நின்ற இடத்திலேயே ஜிபேயில் அனுப்பிவிட்டேன். அந்த மூன்று மாதத்தில் அவரை நான் பார்த்தது ஒரே ஒரு நாள், குரூப் போட்டோ எடுத்த அன்று. மற்ற நாளெல்லாம் பிள்ளைகளோடு நின்றது கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பையன்.

ஃபிளெக்ஸில் பொய் எதுவும் இல்லை. "என் பிள்ளையோடு தினமும் நிற்கப் போவது யார்?" என்று நான்தான் கேட்கவில்லை. பெற்றோர் செய்கிற முதல் தவறு இதுதான். அகாடமியின் பெயரையும் தலைமைக் கோச்சின் தகுதியையும் பார்த்துவிட்டு, விசில் யார் கழுத்தில் தொங்குகிறது என்று பார்க்காமல் விட்டுவிடுகிறோம். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் அகாடமிகளுக்கு நட்சத்திர அங்கீகாரம் தருகிறது. நல்ல விஷயம்தான், ஆனால் அது அகாடமிக்குத் தருவது. அதைக் காட்டினாலும் தனியாளின் சான்றிதழைக் கேட்கத்தான் வேண்டும். ஐரோப்பிய கிளப் ஒன்றின் பெயரில் நடக்கும் சம்மர் கேம்ப்புக்கும் இதே கதைதான். ஜெர்சி அங்கிருந்து வந்திருக்கும், கோச் நம் பக்கத்துத் தெருக்காரராக இருப்பார்.

சரி, சான்றிதழைக் கேட்டு வாங்கிவிட்டோம். அதைப் பள்ளி மார்க் ஷீட் மாதிரி படிப்பது அடுத்த தவறு. நம் நாட்டில் லைசென்ஸ் வரிசை டி-யில் தொடங்கும். அதைச் சம்மேளனமே தருகிறது. அதற்கு மேல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, கடைசியில் ப்ரோ. டி என்றதும் 'கடைசி ராங்க்' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு, நானும் சுளித்திருக்கிறேன். ஆனால் டி என்பது பயிற்சியாளர் பாதையின் முதல் முறையான படி. மேலே போகப் போகப் பாடம் பெரியவர்களின் போட்டி ஆட்டத்தை நோக்கிப் போகும். ஏழு வயதுப் பிள்ளைக்கு, போட்டோவுக்கு மட்டும் வரும் ஏ லைசென்ஸ்காரரைவிட, தினமும் வருகிற டி லைசென்ஸ்காரர் எவ்வளவோ மேல். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதற்கென்றே உள்ள கிராஸ்ரூட்ஸ் பயிற்சியும் முடித்தவர் என்றால் இன்னும் நல்லது. பதினைந்து வயதுக்கு மேல் மாநில அணி, கிளப் என்று கனவு காண்கிற பையனுக்கு இந்தக் கணக்கு மாறும்.

இதில் நிறையப் பேரைக் குழப்புவது 'என்.ஐ.எஸ். கோச்' என்ற சொல். பஞ்சாபின் பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்கிறோம். அங்கே ஓராண்டு டிப்ளமோவும் உண்டு, ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் உண்டு. இரண்டையும் முடித்தவர்கள் விசிட்டிங் கார்டில் போடுவது ஒரே மூன்றெழுத்து. "டிப்ளமோவா சார், ஆறு வாரமா?" என்று கேட்டாலே போதும். உண்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பாட்டியாலா குளிர் வரை உட்கார்ந்து கதை சொல்வார்.

அப்புறம் "சந்தோஷ் டிராபி ஆடியவர்" என்ற மயக்கம். மாநில அணிகள் மோதுகிற தேசியப் போட்டி அது. ஆடியது பெருமைதான். ஆனால் ஆடத் தெரிந்ததும் எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தரத் தெரிவதும் வெவ்வேறு வித்தை. நன்றாக ஆடியவருக்குத் தன் கால் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கத் தெரியாமல் போவதும், 'இது கூட வரலையா' என்று பொறுமை இழப்பதும் சாதாரணம். பி.டி. மாஸ்டராக இருந்தவர் என்றாலும் கால்பந்துக்கென்று எடுத்த பயிற்சி என்ன என்று தனியாகக் கேளுங்கள்.

வாட்ஸ்அப்பில் வருகிற சான்றிதழ் போட்டோவில் மூன்று இடங்களைப் பாருங்கள். பெயர் இவருடையதுதானா? கலந்துகொண்டார் என்று இருக்கிறதா, தேர்ச்சி பெற்றார் என்று இருக்கிறதா? தேதி என்ன? ஆசியக் கூட்டமைப்பின் லைசென்ஸ்களைக் காலம் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். சி.ஆர்.எஸ். என்கிற சம்மேளனத்தின் மையப் பதிவு முறையில் அவருக்குள்ள எண்ணையும் கேட்டுவைத்துக்கொள்ளலாம். பாதி வெட்டின படத்தை அனுப்பினால் முழுப் படத்தைக் கேளுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், லைசென்ஸ் என்பது ஆட்டம் சொல்லித்தரும் தகுதிக்கான தாள். ஆள் எப்படிப்பட்டவர் என்று அது சொல்லாது. இதைக் கேட்கத்தான் நமக்கு வாய் வருவதில்லை. 'தப்பா நினைப்பாரோ' என்று விழுங்கிவிடுகிறோம். அமெரிக்காவில் நடவடிக்கைக்கு ஆளான பயிற்சியாளர்களின் பெயர்களை எந்தப் பெற்றோரும் இணையத்தில் தேடிப் பார்க்க முடியும். இங்கே பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பதிவேடு 2018-இலேயே வந்துவிட்டது. ஆனால் அதைக் காவல்துறை போன்ற விசாரணை அமைப்புகள்தான் பார்க்க முடியும். ஆகவே பெற்றோருக்கு இருக்கிற வழி, அகாடமியிடம் கேட்பது. தமிழ்நாடு காவல்துறையில் ஆன்லைனிலேயே விண்ணப்பித்து நன்னடத்தைச் சரிபார்ப்பு வாங்கலாம். வேலைக்கு வைப்பவரும் வாங்கலாம், வேலை தேடுபவர் தனக்கென்றும் வாங்கலாம். "உங்கள் கோச்சுகள் எல்லோருக்கும் வாங்கியிருக்கிறீர்களா?" என்று பொதுவாகக் கேட்டால் யாரையும் தனியாகச் சந்தேகப்பட்டதாக ஆகாது.

அந்தத் தாளோடும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். மாட்டாதவர் மீது பதிவு ஏது? நடைமுறையைக் கேளுங்கள். கோச் பிள்ளைகளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்புவாரா, பெற்றோர் இருக்கிற குரூப்பில் மட்டுமா? வெளியூர்ப் போட்டிக்குப் போனால் யார் யாரோடு தங்குவார்கள்? பெண் பிள்ளைகள் ஆடுகிற இடத்தில் பெண் ஒருவர் பொறுப்பில் இருக்கிறாரா? புகார் என்றால் யாரிடம் போவது? கடைசிக் கேள்விக்கு "அப்படியெல்லாம் இங்கே எதுவும் நடக்காதுங்க" என்று பதில் வந்தால், அங்கே ஏற்பாடு எதுவும் இல்லை என்று அர்த்தம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காமல் மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐப் பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள்.

முதலுதவி பற்றி ஒரே கேள்வி: "பையன் மயங்கி விழுந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் சி.பி.ஆர். முதலுதவியைப் பழகியவர் யோசிக்காமல் பதில் சொல்வார். மே மாதம் மதியம் மூன்று மணிக்கு வகுப்பு வைக்கிற இடமென்றால் கேள்வியே வேண்டாம், திரும்பி வந்துவிடலாம்.

தாளை மட்டும் பார்த்துவிட்டு வகுப்பைப் பார்க்காமல் சேர்ப்பதும் தவறுதான். ட்ரையல் கிளாஸ் அன்று ஓரமாக நின்று பாருங்கள், போனைப் பையில் போட்டுவிட்டு. நாங்கள் அடுத்துப் போன இடத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள் ரேஷன் கடை வரிசை மாதிரி நின்றார்கள். கோல் அடிக்க ஒரே ஒரு பந்து, அதுவும் பெரியவர்கள் ஆடுகிற ஐந்தாம் சைஸ். பத்து நிமிடத்தில் என் மகன் காலில் நான்கு முறை பட்டது. எட்டு வயதுக்குள் மூன்றாம் சைஸ் பந்து, பன்னிரண்டு வரை நான்காம் சைஸ் என்பது பல ஊர்களில் பொதுவாக இருக்கிற வழக்கம். ஆளுக்கொரு பந்தும் நாலைந்து பேர் ஆடும் சின்ன ஆட்டங்களும்தான் அந்த வயதுக்கான பாடம். சின்னப் பிள்ளைகளைத் தலையால் பந்தடிக்கப் பழக்குகிறாரா என்றும் பாருங்கள். அமெரிக்கா 2015-இலேயே பத்து வயதுக்குள் அதை நிறுத்தச் சொன்னது. இங்கிலாந்தும் 2020-இல் ஆரம்பப் பள்ளி வயதினர் பயிற்சியில் தலையால் அடிக்க வேண்டாம் என்றது. இது தெரிந்த கோச் சமீபத்தில் எதையாவது படித்திருக்கிறார்.

அந்த முதல் டர்ஃபின் கல்லூரிப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபீஸ் முடிகிற வாரத்தில், லைசென்ஸ் இருக்கிறதா என்று அவனிடமே கேட்டேன். "இல்ல சார், டி-க்கு அப்ளை பண்ணியிருக்கேன்" என்றான், மறைக்காமல். முப்பது பிள்ளைகளின் பெயரும் அவனுக்குத் தெரியும், யாருக்கு ஆஸ்துமா என்பதும் தெரியும். நிர்வாகத்திடம் பேசிப் பார்த்தோம். இனி சனிக்கிழமைதோறும் தலைமைக் கோச் வருவார் என்றார்கள். இரண்டு சனிக்கிழமை வந்தார். நாங்கள் இடம் மாறினோம். போன தீபாவளிக்கு அந்தப் பையனிடமிருந்து டி லைசென்ஸ் சான்றிதழ் படம் வந்தது. வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால், பழக்க தோஷம், படத்தைப் பெரிதாக்கித் தேதியைத்தான் பார்த்தேன்.