பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு நூலகத்தில் புதிய நூல்களைத் தேடும் முறை

கோலாலம்பூரில் படிவம் ஒன்று முதல் ஐந்து வரை பயிலும் பிள்ளைகளை, துன் ரசாக் சாலையில் தெங்கோலோக் என்னும் மலாய்த் தலைப்பாகை வடிவக் கூரையுடன் நிற்கும் தேசிய நூலகத்திற்கோ மெர்டேக்கா சதுக்கத்திற்கு அருகிலுள்ள கோலாலம்பூர் நூலகத்திற்கோ அழைத்துச் செல்லும் பெற்றோர், முதலில் 894.811 என்னும் எண்ணை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்திற்கு உரிய எண் அதுவே. மலாய் நூல்களுக்கு 'ரெமாஜா' என்ற சொல்லைத் தேடினால் இளையோருக்கானவை கிடைக்கும். கணினிப் பட்டியலில் தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில் பதிவாகியிருக்கக்கூடும் என்பதால், ஒரே பெயரை இரண்டு மூன்று விதமாக எழுத்துக்கூட்டித் தேடிப் பார்ப்பது நல்லது.

புதிய வரவுகளைத் தனி அடுக்கில் வைப்பது வழக்கம்; எனினும் என் மகள் விரும்பி எடுத்த நூல்களுள் பாதி, பிறர் திருப்பிக் கொடுத்து, அடுக்கப்படுவதற்காகத் தள்ளுவண்டியில் காத்திருந்தவை. முனை மடிந்து, அட்டை சற்றே தளர்ந்திருந்த அந்த நூல்களை அவள் வயதுப் பிள்ளைகள்தாம் முன்பு வாசித்திருந்தார்கள். அதைவிடச் சிறந்த பரிந்துரை வேறில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பட்டறை, கதைசொல்லல் போன்ற நடவடிக்கைகள் பள்ளி விடுமுறையில் கூடுதலாக நடைபெறும். முன்பதிவு தேவையா, வயது வரம்பு என்ன, எந்த மொழியில் நடக்கிறது ஆகிய மூன்றையும் முகப்பிலேயே கேட்டறியுங்கள். விருப்பமான தமிழ் நூல் இல்லையெனில், வாங்கித் தருமாறு பிள்ளையே தன் கையால் எழுதிக் கொடுக்கட்டும்.